கேவோர்க் கேட்ட மழை

தலைக்கு மேலே இடி இடித்தது. அடுத்த நொடி தகரக் கூரையில் தண்ணீர் சடசடவென்று விழ ஆரம்பித்தது.

"அப்பா! கேக்குதா? மழைப்பா!" என்று நிஷான் கிழவரின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

கேவோர்க் தடியை மேஜையில் சாய்த்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். பார்வை போன நாளிலிருந்து அவருக்குக் காதுதான் கண்.

"மழையா? நம்ம ஃபிரெஸ்னோவுலயா? போடா, எவனோ மேலேருந்து கல்லைக் கொட்டுறான்."

அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. இரண்டு வருஷமாக எங்கள் பக்கம் ஒரு பொட்டு மழை கிடையாது. கால்வாயில் தண்ணீரை நிறுத்தினார்கள், கிணறு வறண்டது, கேவோர்க்கின் திராட்சைத் தோட்டம் காய ஆரம்பித்தது. "ஒரு மழை பெய்யட்டும், அப்புறம் சாப்பிடறேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், அதற்கப்புறம் சூப்பைக்கூட வாயில் வாங்கவில்லை.

இன்றைக்குள் ஏதாவது உள்ளே போகாவிட்டால் மூக்கில் குழாய்தான், அதையும் இந்த உடம்பு தாங்குமா தெரியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் நிஷான், "தலை வலிக்குதுப்பா, ஒரு காபி குடிச்சிட்டுப் போலாம்" என்று தென்கடல் தீவு மாதிரி ஜோடித்த இந்த டீக்கி பாருக்குள் அவரை மெதுவாக நடத்திக் கூட்டிவந்திருந்தான்.

வாசலில் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும் மரச்சாமிகள், உள்ளே ஓலைத் தட்டி, மூங்கில் நாற்காலி, தேங்காய் மூடியில் சாராயம். நட்ட நடுப் பகலிலும் இருட்டுதான். மருந்துக்கும் ஒரு ஜன்னல் கிடையாது.

"நம்பலைன்னா கையை நீட்டிப் பாருங்க" என்று நிஷான் அப்பாவின் கையைப் பிடித்து, மேஜைக்கு மேலே இறக்கியிருந்த தகரக் கூரையின் விளிம்புக்குக் கீழே கொண்டுபோனான்.

ஜில்லென்று தண்ணீர் உள்ளங்கையில் விழுந்து முழங்கை வரை ஓடியது. கிழவர் அந்த ஈரக் கையை மூக்கருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நெசந்தாண்டா. மழையேதான்!"

"நான் சொன்னேன்ல!"

"தோட்டத்துல கிழக்குப் பக்கம் தண்ணி ஏறுமாடா?"

"ஏறாம? இப்படியே கொட்டுச்சுன்னா எல்லாக் கொடியும் துளிர் விட்டுடும்பா."

"அப்படின்னா என்னத்துக்கு என்னைப் பட்டினி போட்டு வெச்சிருக்கே? திங்க ஏதாச்சும் கொண்டாரச் சொல்லுடா, பாவி!"

நிஷான் கவுண்டர் பக்கம் கை காட்டுவதற்குள், பூப்போட்ட சட்டை போட்ட பார்க்காரர் பெனிட்டோ தட்டோடு வந்துவிட்டார். பன்றி விலா எலும்பும், மேலே அன்னாசித் துண்டுகளும்.

ஒரு கடி கடித்ததும் கிழவரின் முகம் கோணியது. "கறியில பழத்தைப் போட்ட புத்திசாலி யாருப்பா? உன் பொண்டாட்டி எப்படி உன்னை வெச்சுக் குடும்பம் நடத்துறா?"

"அவதான் ஓடிப் போயிட்டாளே, பெரியவரே" என்றார் பெனிட்டோ.

கிழவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த எலும்பை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அப்பா மெல்லுவதைப் பார்க்கப் பார்க்க நிஷான் சத்தம் வராமல் அழுதான், பாவம்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அப்பாடா" என்று கைக்குட்டையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்காவுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன்பா. நீங்க சாப்பிட்டீங்கன்னு சொன்னா குதிப்பா" என்று நிஷான் எழுந்தான்.

"போ, போ. மழை கொட்டுதுன்னு அதை முதல்ல சொல்லு."

வாசல் பக்கம் இருந்த போனை நோக்கி நிஷான் ஓடினான். அவன் காலடிச் சத்தம் தேயும்வரை கேவோர்க் மென்றுகொண்டிருந்தார். தேய்ந்ததும் எலும்பைக் கீழே வைத்துத் தட்டை அப்பால் தள்ளினார்.

"தம்பி, இங்க வா."

பெனிட்டோ குனிந்தார். "என்ன வேணும், பெரியவரே?"

"மழைக்கு சுவிட்ச் உன்கிட்டதானே இருக்கு?"

பெனிட்டோ திரும்பி வாசல் பக்கம் பார்த்தார். "உங்க பையன் காலையில வந்து என் கால்ல விழாத குறையா கெஞ்சினாருங்க. வர்றவங்க ரசிக்கட்டும்னு இந்தக் குழாய்த் தண்ணியையும் ரெக்கார்டு இடியையும் வழக்கமா கொஞ்ச நேரம் போட்டு நிறுத்திடுவோம். இன்னைக்கு உங்களுக்காகத்தான் நிறுத்தாம... எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மழைன்னா மண்ணு மணக்க வேணாமா? அதை விடு. கொடியெல்லாம் செத்து மாசக்கணக்காச்சு. யாருக்கும் தெரியாம போய்த் தொட்டுப் பார்த்தேன், சுள்ளி மாதிரி ஒடியுது. இனி நெசமாவே பெய்ஞ்சாலும் எனக்கென்ன?"

பெனிட்டோ பெருமூச்சு விட்டார். "அப்போ நிறுத்திடட்டுங்களா?"

கிழவர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, வேணாம்ப்பா! நான் நம்பிட்டேன்னு அவன் நம்பிக்கிட்டிருக்கான்."