பாலம் திரும்பும் வரை

தீவுக்குப் போகும் ஒரே பாலம் நடுத்தூணில் சுழன்று, வழிவிட்டு நிற்கிறது. கோடையில் பாய்மரப் படகுகளுக்காக மணிக்கொரு தடவை அது திறந்தே ஆகவேண்டும். ஏரிமேல் வெயில் கண்ணைக் குத்துகிறது. கூரையில் துடுப்புப் படகு கட்டிய கார்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்க, டொரொன்டோக்காரர்கள் இறங்கி நின்று படமெடுக்கிறார்கள். மார்லீனுக்கு மட்டும் கால் தரிக்கவில்லை. அக்கரையில் பவ்வாவ், அவர்கள் பழங்குடியின் ஆட்டத் திருவிழா, தொடங்கப்போகிறது. மகள் ரோசெல் முதன்முதலாகக் களத்தில் இறங்கி ஆடப்போகிறாள். வரிசை வரிசையாகத் தகரக் கூம்புகள் தைத்த அவளுடைய ஆட்ட உடையோ இங்கே மார்லீனின் கையில் கிடக்கிறது.

"தீவுலயே பொறந்துட்டு, பாலம் திறக்குற நேரத்தை மறந்துட்டியே, வெக்கமாயில்ல?"

"புளூபெர்ரி வாங்கணும்னு வண்டிய நிறுத்தச் சொன்னது யாராம்?" என்கிறான் கணவன் டெல்மர். அவன் உதடெல்லாம் நீலம்.

ஒரு வெள்ளைப் படகு ஆடி அசைந்து கடக்கிறது. மேல்தட்டிலிருந்து தொப்பிக்காரி ஒருத்தி கையசைக்கிறாள். மார்லீன் பல்லைக் கடிக்கிறாள். போன் அடிக்கிறது.

"அம்மா, எல்லாரும் வரிசையில நின்னாச்சு. எங்க இருக்கே?"

"இதோ வந்துட்டேன்டி."

மகளின் குரலுக்குப் பின்னால் மேளம் கேட்கிறது. தவித்துக்கொண்டிருந்த மார்லீனின் கால்கள் தாமாகவே அந்த அடியோடு சேர்ந்துகொள்கின்றன. கையிலிருக்கும் கூம்புகள் கலகலக்கின்றன. படமெடுத்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"அது என் டிரஸ் சத்தம்தானே? அம்மா, ஆடுறியா நீ?"

"நான் எங்கடி ஆடுறேன்? பாலம் மூடுற சத்தம் அது."

பாலம் இம்மிகூட அசையவில்லை.