வலப்பக்கம் பூட்டிய வண்டி

காஷிஃப் தினமும் ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்துத்தான் பைக்கைப் பூட்டுவான். முன்சக்கரத்துக்கு ஒரு சங்கிலியும் உண்டு. இன்று காலை சங்கிலி அப்படியே இருந்தது. ஹேண்டில்பார் மட்டும் வலப்பக்கம் திரும்பிப் பூட்டியிருந்தது. மாடி வீட்டு ராகேஷ் மேல்தான் அவனுக்குச் சந்தேகம். தெருமுனை மெக்கானிக்கை அழைத்துவந்து காட்டினான்.

“இந்த மாடல் லெஃப்ட்லதான் பூட்டும் நைனா. ரைட்ல அதுக்கு ஓட்டையே கெடயாது.”

“அப்போ இது இன்னா?”

அவர் வண்டியைத் தொடாமலே போய்விட்டார்.

“அதான் வண்டி பத்திரமா இருக்குல்ல? உள்ள வாங்க” என்று வாசலில் நின்று சிரித்தாள் மனைவி ரூபீனா. அவள் மூக்கின் வலப்பக்கம் மூக்குத்தி மின்னியது. நேற்றுவரை அது இடப்பக்கம் இருந்தது. இப்போது அங்கே குத்திய தடம்கூட இல்லை.