மூலையில் கிடந்தவை

பெட்டியின் இடது மூலை காலியாக இருந்தது.

குழாயடியில் நான்கு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஐந்தாவதாக அவள்.

"விதைக்காயெல்லாம் எங்கீங்கக்கா? ஒண்ணையுங் காணோம்?"

கேட்டது கருணாம்பாள். மகள் பிரசவத்துக்குத் திருச்சி போய்விட்டு, ஐந்து மாதம் கழித்து நேற்றுதான் வீதிக்குத் திரும்பியிருந்தாள்.

மற்றவர்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள்.

"நாளக்கழிச்சு ஆடி பொறக்குது. முத்துன கத்திரி, பழுத்த பாவக்கா எல்லாம் செவப்பு நாடா கட்டி இந்த மூலையிலதான வெப்போம்? அது இல்லாம எதைப் போட்டு மொளைக்க வெக்கறது? கடை வெதை ஒரு வருசத்தோட முடிஞ்சுபோகும்."

ஐந்தாவதாக நின்றவளின் இடுப்பிலிருந்து குடம் நழுவப் பார்த்தது.

விதைக்காய்.

"எங்கயாச்சும் இருக்கும், விடு கருணா" என்றாள் துளசிமணியக்கா. அந்தப் பெட்டியை முதன்முதலில் அங்கே வைத்தவள். "தண்ணி நின்னுரப் போகுது, கொடத்தப் புடி."

அது ஒரு பழைய தக்காளிப் பெட்டி. குழாயடித் திட்டின் மேல் எந்நேரமும் இருக்கும். வீட்டில் காய்த்து மிஞ்சியதை யாரும் வைக்கலாம். வேண்டியதை யாரும் எடுக்கலாம். வைத்தது யார், எடுத்தது யார் என்ற கேள்வி மட்டும் கிடையாது. ஊர்க்கதை அத்தனையையும் அலசிப் பிழிந்து காயப்போடும் அந்தத் தறிக்கார வீதி, வாயை மூடிக்கொள்ளும் ஒரே இடம் அதுதான்.

ஐந்து மாதத்துக்கு முன் அவள் இந்த வீதிக்குக் குடிவந்த மாதமே கணவன் ஓட்டிய தறி நின்றுபோனது.

விடியும் முன் வருவாள். பளபளக்கும் பிஞ்சுகளைத் தொடமாட்டாள். கொடுக்க ஒன்றுமில்லாதவள் நல்லதை எடுக்கலாமா?

மூலையில் மஞ்சளாய்ப் பழுத்த கத்தரி கிடக்கும். வெடிக்கப் பார்க்கும் பாகல். தோல் தடித்த வெள்ளரி. காம்பில் சிவப்பு நாடா.

கழித்துப்போட்டதற்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டாள்.

யாருக்கும் வேண்டாததை எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அப்படித்தான் தினமும் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாள்.

நாடா நல்ல கெட்டித் துணி. அதையும் வீணாக்க மனம் வராமல், துவைத்துச் சடை நுனியில் கட்டிக்கொள்வாள்.

விதையைச் சுரண்டிப் பின்புற மதிலோரம் எறிவாள். மிஞ்சிய சதையைப் புளிவிட்டுக் கொதிக்கவைப்பாள். அப்படியும் கசக்கும். கணவன் தட்டை வழித்துச் சாப்பிடுவான்.

ஐந்து மாதம். ஒரு வீதியின் அடுத்த வருடத்தையே தின்று தீர்த்திருக்கிறாள்.

குடம் நிறைந்து வழிந்தது. தூக்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டுப் பின்புறம் போய்த் துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை. இனி அந்த வீதியில் எந்த முகத்தோடு நடப்பது?

எதிரே மதிலோரம் பச்சையாய் இருந்தது.

இருபது நாள் சாரலில் மண்டிக்கிடந்த களை. நாளைக்குப் பிடுங்கலாம், நாளைக்குப் பிடுங்கலாம் என்று சோம்பலில் விட்டுவைத்தது.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு கொடி, சாத்திவைத்திருந்த பழைய துடைப்பத்தைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

எழுந்துபோய் அதில் ஓர் இலையைக் கிள்ளினாள். நாக்கில் வைத்தாள்.

கசந்தது. ஐந்து மாதமாக அவள் அறிந்த அதே கசப்பு.

மண்டியிட்டாள். கைகளால் விலக்கிப் பார்த்தாள். ஊதாக் காம்போடு கத்தரி. சொரசொரப்பான இரட்டை இரட்டை இலையாய் வெள்ளரி. ஒன்றிரண்டல்ல. கை வைக்க இடமில்லாமல், மதிலின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை. முகம் சுளித்து அவள் எறிந்ததெல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் எழுந்து நின்றது.

வெயில் காலம் முழுக்க இந்த மண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்ததே. ஒரு கை தண்ணீர் ஊற்றியவள் இல்லையே அவள்.

உடம்பு சிலிர்த்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது.

கும்பிட்டாள்.

பிறகு கரண்டிக் காம்பால் மண்ணோடு நோண்டி நோண்டி எடுத்தாள். கொட்டாங்கச்சி தீர்ந்ததும் பால் கவர். அதுவும் தீர்ந்ததும் கணவனின் பழைய டீ டம்ளர். முறம் நிறைந்தது.

முதல் முறையாக நல்ல வெயிலில் அந்தப் பெட்டிக்குப் போனாள்.

நான்கு பேரும் இன்னும் குழாயடியில்தான் இருந்தார்கள். அவள் ஒவ்வொரு நாற்றாக எடுத்து இடது மூலையில் வைத்தாள். மூலை போதவில்லை. திட்டின் மேலும் வரிசையாக வைத்தாள்.



"நாந்தானுங்க எடுத்தேன். ஆருக்கும் வேண்டாததுன்னு நெனச்சு..."



கருணாம்பாள் ஒரு கொட்டாங்கச்சியைக் கையில் எடுத்து, இலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

துளசிமணியக்கா பெட்டிக்குள் கையை விட்டாள். வாடாத கத்தரிப் பிஞ்சுகளை இரு கையாலும் அள்ளினாள். காலி முறத்தில் போட்டாள்.

"இனியாச்சும் பிஞ்சாப் பாத்து எடுத்துக்க அம்மணி."

அவள் தலையாட்டினாள். முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

நாலு வீடு தாண்டியதும் நின்றாள்.

இனியாச்சும்?

முதுகுக்குப் பின்னால் ஊசலாடிய சடையை மெல்ல முன்னால் இழுத்தாள். நுனியில் சிவப்பு நாடா. நேற்றும் இருந்தது. ஐந்து மாதமாக, இந்த வீதி நெடுகப் போகும்போதும் வரும்போதும் இருந்தது.

திரும்பிப் பார்த்தாள்.

நான்கு பேரும் மும்முரமாகக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.