நீலக் கார்

ஜனவரி வெயிலில் வெளிச்சம் மட்டும்தான் இருக்கிறது, சூடு இல்லை. மாண்ட்ரியலின் அந்தச் சந்தில் கார்களெல்லாம் இரவுப் பனி மூடி ஒரே மாதிரி வெள்ளை மேடுகளாக நிற்கின்றன. வேலைக்குப் போக வேண்டிய கிஸ்லேன் விடிந்ததிலிருந்து பனி அள்ளும் வாரியால் ஒரு மேட்டை வாரிக்கொண்டிருக்கிறாள். மூக்கில் வடிவது உதட்டுக்கு வருமுன் உறைந்துவிடுகிறது. கதவு தட்டுப்பட்டதும் கையுறையால் அழுத்தித் துடைக்கிறாள். நீலம். அவளுடைய கார் சிவப்பு. மேலே பால்கனியில், ஆவி பறக்கும் காப்பியோடு, நீலக் காருக்குச் சொந்தக்காரன் ரெஜான். “பாத்துக்கிட்டேதான் நின்னியா?” “அவ்வளவு மும்முரமா இருந்தீங்க, கெடுக்க மனசு வரல. அந்தக் கண்ணாடியையும் கொஞ்சம் துடைச்சுடுங்க.” எதிர்வீட்டு ஜன்னலில் ஒதெத் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிகிறது. கிஸ்லேனின் காது மடல் குளிரிலும் கொதிக்கிறது. வாரியை ஓங்குகிறாள். “ஐயோ, என் காரு!” என்று ரெஜான் அலறுகிறான். அவள் குனிந்து, ஓரத்தில் குவித்த பனியை ஒரு வாரி அள்ளிக் கண்ணாடிமேல் கொட்டுகிறாள். இன்னொரு வாரி. “என்ன பண்றீங்க?” “எடுத்த எடத்துலயே வைக்கிறேன்.” வாரியின் முதுகால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்துகிறாள். எதிர்வீட்டுக் கதவு திறக்கிறது. இரவு உடைமேல் கோட்டு மாட்டிய ஒதெத், தன் வாரியோடு படியிறங்கி வருகிறாள். “அந்தப் பக்கத்த நீ முடி. டயரை நான் மூடிடறேன்.”