ஜிம்மியின் நித்திரை

"தமையன் வீட்டை, ஒஷாவாவுக்குப் போறனெண்டு வெளிக்கிட்டவ, பிள்ளை. போய்ச் சேரேல்லை." காணாமற்போன தன் மனைவியைத் தேடி வந்த பொலிஸ்காரி சுபாங்கியின் முன்னால் ஞானசேகரம் மூக்கைச் சிந்தினார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தவள், நிலத்துக்குக் கீழிருந்த பேஸ்மென்ற்றுக்கு இறங்கியதும், அங்கே படுத்திருந்த நாயைக் கண்டு முகம் மலர்ந்தாள். "போர்டர் கொலியா அங்கிள்? ஸோ க்யூட்!"

பேச்சு நாய்க்கு மாறியதில் அவருக்கு உயிர் திரும்பி வந்தது.

"ஓம், ஸ்கொட்லாந்தில ஆடு மேய்க்கிற சாதி. எங்கட ஜிம்மிக்கு நானும் மனிசியும்தான் மந்தை. ஒராள் வெளியில போனாலும் வாசலிலயே நிண்டு ஊளையிடுவான். ரெண்டுபேரும் வீட்டுக்குள்ள வந்து சேருமட்டும் கண்ணை மூடான்!"

சுபாங்கியின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

ஜிம்மியோ, அவர் புதிதாகப் பூசியிருந்த சீமெந்துத் தரையில் தாடையை வைத்து, நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.