அடி வாங்கிய கவசம்

"சம்மட்டியால நாலு போடு போடுங்க மேஸ்திரி. நல்லா நசுங்கணும்."

சபின் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ரேமுஸை ஏற இறங்கப் பார்த்தான்.

பட்டறைக் குழியின் மேல் ரேமுஸின் நிவா ஜீப் நின்றது. ஒரு கீறல் கிடையாது. அதன் அடிவயிறு முழுக்க இப்போதுதான் கவசம் மாட்டி முடித்திருந்தார்கள். இன்ஜின் எண்ணெய் நிற்கும் ஆயில் சேம்பருக்குக் கீழே கனத்த இரும்புத் தட்டு, கியர்பாக்ஸுக்கு இன்னொன்று, கதவுகளுக்கு அடியில் பாறை இடித்தால் தாங்க இரண்டு தடித்த குழாய்.

"புத்தம்புதுத் தட்டு சார். அதை எதுக்கு நசுக்கணும்?"

"பழசு மாதிரி தெரியணும். பெயிண்டையும் சுரண்டிடுங்க. மேல உப்புத் தண்ணி ஊத்துங்க, துரு பிடிக்கட்டும்."

குழிக்குள்ளிருந்து ட்ரையான் சிரித்தான். "மலை ஏறாமலே மலை ஏறின பேர் வேணுமா சாருக்கு?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்" என்றான் ரேமுஸ். கோபப்படவில்லை.

சம்மட்டி விழுந்தது. சபினுக்குக் கை வலித்ததைவிட மனசு வலித்தது. அவனே வெட்டி வளைத்த தட்டு அது.

ரேமுஸ் போனதும் ட்ரையான் மேலே ஏறி வந்தான். "மேயர் ஆபீஸ் வாசல்ல நிக்கிற வண்டிக்கு மிலிட்டரி டாங்கி வேஷம்! நிஜமா தேவைப்படற அந்த அக்கா, ஆயில் ஒழுகற விரிசல்ல சோப்பைத் தேய்ச்சு ஓட்டிக்கிட்டு இருக்கு."

அந்த அக்கா லியோன்டினா. அவளிடமும் ஒரு நிவா உண்டு. இருபது வருஷப் பழசு. மலைமேல் குடிசைகளுக்கு ரொட்டியும் மருந்தும் ஏற்றிப் போவாள். பனி விழுந்துவிட்டால் நோயாளிகளை இறக்கிக்கொண்டு வருவதும் அவள்தான். போன குளிர்காலத்தில் ரேமுஸின் அம்மாவை அப்படி இறக்கும்போது ஓடைக் கல்லில் இடித்து ஆயில் சேம்பர் விரிசல் விட்டது. வண்டி நடுவழியில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மா போய்விட்டாள்.

சேம்பரைச் சபின்தான் ஒட்டிக் கொடுத்தான். மறுபடி கசிகிறது. இந்தக் குளிர்காலத்தில் இன்னொரு கல் இடித்தால் அவ்வளவுதான்.

"அம்மாவோட நினைவுச் சாப்பாட்டுக்கு அந்த அக்காவைக் கூப்பிடக்கூட இல்லையாம் இவன்" என்றான் ட்ரையான். "சாவுக்கு அந்த அக்காதான் காரணம்னு நினைச்சுட்டான் போல. நீ ஒரு தட்டு இனாமா மாட்டிவிட்டா என்ன?"

"கேட்டேனே. 'இனாமா வாங்க யாருடா செத்தா?'ன்னு ஒரே வாய்ல அடிச்சிருச்சு."

அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரி ஒரு ரொட்டியும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்து நீட்டினாள். அவள் புருஷனுக்கு அன்று வருஷ நினைவு. ட்ரையான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

"போன ஆன்மாவைக் கடவுள் மன்னிக்கட்டும்."

இறந்தவர் பேரில் கொடுப்பதை வாங்கும்போது சொல்லும் வார்த்தை. வேறெதற்கும் இந்த மலையில் யாரும் அதைச் சொல்வதில்லை.

முதல் பனி விழப்போகிறது என்று ரேடியோ சொன்ன வாரம், ரேமுஸ் திரும்பி வந்தான். நசுங்கித் துருப்பிடித்த கவசத்தோடு ஊர் முழுக்கச் சுற்றி, ஊர் முழுக்கச் சிரிப்பு வாங்கியிருந்தான்.

"எல்லாத்தையும் கழட்டிடுங்க மேஸ்திரி."

"மறுபடியுமா! என்னதான் சார் உங்க பிரச்சனை?"

"லியோன்டினா அக்கா வந்தா, 'அவனுக்கு அலுத்துப்போச்சாம், குப்பைக்குப் போற இரும்பு'ன்னு சொல்லி அவங்க வண்டில மாட்டிடுங்க. ரெண்டும் ஒரே நிவாதானே, அளவு சரியா இருக்கும்."

சபின் குனிந்து அந்தத் துருப்பிடித்த தட்டைப் பார்த்தான்.

"நேரா கொடுத்தா என்ன சார்?"

"அம்மா நினைவு நாளுக்கு ரொட்டி எடுத்துட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கல. 'உங்கம்மாவை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காத கை, அவங்க ரொட்டியை எப்படிப்பா வாங்கும்'னு உள்ளேயே உட்கார்ந்து அழறாங்க." ரேமுஸ் ஜீப்பின் கூரையைத் தட்டினான். "குப்பைன்னா வாங்கிப்பாங்க."

ட்ரையான் குழியை விட்டு வெளியே வரவே இல்லை.

மறுநாள் லியோன்டினா வந்தாள். ரேமுஸ் சொல்லிக்கொடுத்தபடியே சபின் சொன்னான்.

"அந்த ஷோக்குப் பேர்வழி அதுக்குள்ள தூக்கிப் போட்டுட்டானா?" என்று சிரித்தாள். "இருக்கறவனுக்கு எல்லாம் விளையாட்டு! கொண்டா பாக்கலாம்."

குனிந்து பெரிய தட்டைத் தூக்கிப் புரட்டினாள்.

சபின் அப்போதுதான் கவனித்தான். சம்மட்டி விழுந்ததும் உப்புத் தண்ணீர் ஊற்றியதும் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்பக்கத்தை யாரும் யோசிக்கவில்லை. புதுப் பெயிண்ட் கலையாமல், அவன் சாக்பீஸால் போட்ட அளவுக்கோடுகூட அழியாமல் அப்படியே இருந்தது.

லியோன்டினா அந்தக் கோட்டை விரலால் தொட்டாள். நசுங்கிய வெளிப்பக்கத்தை மறுபடி புரட்டிப் பார்த்தாள்.

"மாட்டுடா" என்றாள்.

போல்ட் முடுக்கி முடிக்கும்வரை வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியில் ஏறி, ரொட்டிக் கூடைகளைச் சரிசெய்து, இன்ஜினைக் கிளப்பினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"சபின், அவனைப் பாத்தா சொல்லு."

"என்ன சொல்லணும் அக்கா?"

"போன ஆன்மாவைக் கடவுள் மன்னிக்கட்டும்."