அடுப்பு தந்த அனுமதி

புதுமனை புகுவிழாவன்று குணாளன் வீட்டில் வழக்கம்போல முதலில் பால் காய்ச்சினார்கள். கதவு முதல் விளக்கு வரை எல்லாம் கணினியில் இணைந்த அந்த வீட்டில், முதலில் பதிவாகும் சாதனமே வீட்டு நிர்வாகி என்பது விதி. ஆகவே யாருக்கு, எதற்கு அனுமதி என்பதெல்லாம் பால் காய்ச்சிய மின்னடுப்பின் கைக்குப் போனது.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பு தேவையில்லாத ஆட்களின் பதிவுகளை நீக்கியது. முடி வெட்டிக்கொண்டு திரும்பிய குணாளனுக்குக் கதவு திறக்கவில்லை.

"நறுமுகை, கதவைத் திற!"

"என் கையில இல்லைங்க," என்றாள் மனைவி, ஜன்னல் வழியே. "அடுப்புப் பக்கமே வராத ஆளை யாருன்னே தெரியலையாம். விருந்தாளின்னா ஒரு மணி நேரம் உள்ளே விடுமாம்."

"என் வீட்டுக்கு நான் விருந்தாளியா?"

"வர்றீங்களா, அங்கயே நிக்கிறீங்களா?"

உள்ளே வந்தவன் நேராகச் சமையலறைக்குப் போய் உப்புமா கிண்டினான். கட்டி தட்டி, அடியும் பிடித்தது. அடுப்பு சற்று யோசித்துத் திரையில் எழுதியது:

"ஒரு வாரத்துக்குத் தற்காலிக அனுமதி. மறுபரிசீலனை தோசைக்குப் பிறகு."